சத்தியம் வாங்காத வீடு

நெல்லியடிச் சந்தையைத் தாண்டி வல்லைப் பாலம் வரைக்கும் நடந்து வந்துவிட்டேன். பஸ் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, நான் கையைக் காட்டவில்லை. ஏறினால் அச்சுவேலியில் மாறி, வெயில் தாழுமுன் மயிலிட்டிக்குப் போய்விடுவேன். போனால் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும். நடந்தால் அதைக் கொஞ்சம் பிந்திச் சொல்லலாம்.

வல்லை வெளியில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. காற்று சாரத்தைக் காலோடு சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தி, "எங்கை தம்பி, ஏறுமன்" என்றார்.

"இல்லை அண்ணை, நடக்கிறன்."

"உந்த வெயிலுக்கை நடக்கிறதெண்டா ஒண்டில் கோயில் நேத்தி, இல்லாட்டி விசர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டும் இல்லை. அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு வரக் காலையில் போயிருந்தேன், தனியே திரும்பிக்கொண்டிருந்தேன். அவனைக் கண்டுபிடித்தேன். உயிரோடு இருந்தான். வரமாட்டேன் என்றான். தாயில் கோபமென்றாலோ, போதைத் தூளை விட மனமில்லையென்றாலோ அதை அப்படியே போய்ச் சொல்லிவிடலாம். அவன் வராததற்குக் காரணம் ஒரு சத்தியம். அக்கா வாழ்நாள் முழுக்க யாருடைய வாயிலிருந்தும் வரவிடாமல் மறித்துக்கொண்டிருந்த சாமான் அது.

அக்கா என் கூடப்பிறந்தவர் இல்லை. நான் முதலில் மயிலிட்டிக்குப் போனது துறைமுகத்தில் ஐஸ்பெட்டி தூக்க. ஆமி பிடித்துவைத்திருந்த காணிகள் விடுபட்டு, அகதி முகாம்களில் இருந்த சனம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து பற்றை வெட்டிக்கொண்டிருந்த காலம். அக்கா, தகப்பனுடைய பழைய வீட்டின் அத்திவாரத்துக்கு மேலேயே தகரம் அடித்துக்கொண்டு மகனோடு இருந்தார். கருவாடு போட்டு விற்பதுதான் சீவியம். காணியின் கடல்பக்கத்தில் ஒரு வாடி, மீன்பிடிச் சாமான் வைக்கிற கொட்டில். அவருடைய தமையன் தன் வலைகளை அதற்குள் போட்டுவைத்திருந்தார். இரவில் அதில் படுக்க ஓர் ஆள் வேண்டுமென்று யாரோ சொல்லி என்னை அனுப்பினார்கள்.

என் கண்ணைப் பார்த்தாலே அப்போது தெரியும். வன்னியில் கடைசிச் சண்டைக்குள் பள்ளிக்கூடமும் முடிந்து, வீட்டு ஆட்களும் முடிந்து, பிறகு மேசன் வேலை, தோட்ட வேலை, கொழும்பில் கோப்பை கழுவுகிற வேலை என்று திரிந்து, இடையில் போதைக் குளிசை போடவும் பழகி வந்திருந்தேன். அதனால் படலையில் நின்று நானாகவே முந்திக்கொண்டேன்.

"அம்மாவாணை அக்கா, ஒரு சாமானிலையும் கை வைக்க மாட்டன்."

நெத்தலியைக் கொட்டிப் பரவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"உன்ரை கொம்மாவை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறாய்?"

"அம்மா இல்லை அக்கா. செத்துப்போனா."

"செத்த மனுசியை நிம்மதியா விடன். களவெடுக்கிறதெண்டா எடு, பிடிபட்டா அடி வாங்கு. ஆணையிடுறதெண்டா வந்த வழியாலை போ."

அவ்வளவுதான். வாடி வாசலில் படுத்திருந்த பெட்டை நாயைத் தாண்டி உள்ளே போய்ப் பாயை விரித்தேன். மத்தியானம் கூப்பிட்டுச் சோறு தந்தார்.

துறைமுகத்தில் சத்தியமில்லாமல் மீன் விற்க முடியாது. பிள்ளையாணை, கண்ணாணை, கடலாணை என்று விடியற்காலையிலேயே ஆளாளுக்கு உயிரையும் உறவையும் கூவிக்கொண்டு நிற்பார்கள். அக்கா அந்தக் கூட்டத்துக்குள் காதைப் பொத்தாத குறையாகப் போய், தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வருவார். மானிப்பாய்ப் பக்கம் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்கிற ஒருவர் அவரிடம் கருவாடு எடுப்பார். ஒரு நாள் விலை பேசும்போது, "முருகனாணை அக்கா, எனக்கு இதிலை ஒரு சதமும் மிஞ்சாது" என்றார். அக்கா அவருடைய பெட்டிக்குள் போட்ட கருவாட்டைத் திருப்பி அள்ளத் தொடங்கினார்.

"மிஞ்சாட்டி ஏன் கொண்டுபோறாய்? முருகனையும் கூட்டிக்கொண்டு வேறை இடம் பார்."

அந்த மனுஷன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டு, "சரி அக்கா, மிஞ்சும். வடிவா மிஞ்சும். போடுங்கோ" என்றார்.

அள்ளினதைப் போட்டு, மேலே ஒரு பிடி கூடவும் போட்டார்.

ஊருக்கெல்லாம் இது தெரியும். ரியூசன் முடிந்து போகிற பெடியள் வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, "சத்தியமா மாமி! சத்தியமா!" என்று கத்துவார்கள். "கோதாரி விழுவாரே, வாங்கோடா இஞ்சை" என்று அக்கா விளக்குமாறோடு வருமுன் பறந்துவிடுவார்கள். ஒரு நாள் அதில் ஒருவன் அவசரத்தில் சங்கிலி கழன்று விழுந்தான். அக்கா அவன் முழங்காலைக் கழுவிவிட்டு, சங்கிலியை என்னைக் கொண்டு மாட்டுவித்து அனுப்பினார். "இனிக் கத்தமாட்டன் மாமி" என்றான். "கத்துவாய். போ" என்றார்.

சாந்தமான மனுஷி என்று நினைத்துவிடக் கூடாது. மகனை அடிப்பார். அகப்பையோ விளக்குமாறோ, கையில் அகப்பட்டதால் அடிப்பார். இருபத்தொரு வயதுப் பெடியன், தாயை விட ஒரு முழம் உயரம், அடி விழ வசதியாகக் குனிந்து கொடுத்துக்கொண்டு நிற்பான். அடித்து முடிந்ததும் சோறு போடுவார். ஆனால் அந்த இடத்தில் மற்றத் தாய்மாருக்குத் தானாக வருகிற ஒரு வசனம் அவருக்கு வராது. "இனிச் செய்யமாட்டன் எண்டு சொல்லு" என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை.

வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அவனுடைய தூளுக்குப் போய்க்கொண்டிருந்தன. தண்ணீர் இறைக்கிற பம்ப் போனது. பிறகு காஸ் சிலிண்டர். நான் ஐஸ்பெட்டி தூக்கிவிட்டு வந்து பார்த்தால் அக்கா மூன்று கல் வைத்து விறகு ஊதிக்கொண்டிருந்தார்.

"காஸ் எங்கை அக்கா?"

"கால் முளைச்சு நடந்து போட்டுது."

அன்றைக்கு அவன் வீட்டுக்கு வரவில்லை. அவனுக்கான சோறு குசினிக்குள் கோப்பையால் மூடி இருந்தது. விடியப் பார்த்தால் அப்படியே இருந்தது. அதைக் கோழிக்குப் போட்டுவிட்டு, அடுத்த வேளைக்கும் அவனுக்கென்று எடுத்து மூடினார். கதவுக்குக் கொளுக்கி இருந்தது. நான் இருந்த காலத்தில் அதைக் கொளுவினதைக் காணவில்லை. எனக்கும் அப்படித்தான். "எப்ப வருவாய்?" என்று கேட்கமாட்டார். "வெள்ளிக்கிழமை வாறன் அக்கா" என்று சொல்ல வாயெடுத்தாலும், "வந்தா வா" என்று பாதியில் வெட்டிவிடுவார்.

அந்த வீட்டை விட்ட பிறகு நான் எத்தனையோ இடத்தில் படுத்தெழும்பியிருக்கிறேன். இப்போது இருக்கிற ஊரில் கடலும் இல்லை. எல்லா இடத்திலும் உள்ளே விடுமுன் ஏதாவது ஓர் உறுதி கேட்டார்கள். குடிக்கக் கூடாது, பிந்தி வரக் கூடாது, சொல்லாமல் போகக் கூடாது. கேட்பது நியாயம்தான். நானும் தலையாட்டிவிட்டு உள்ளே போவேன். தலையாட்டின அன்றைக்கே, இங்கிருந்து எப்போது ஓடப்போகிறேன் என்ற யோசனையும் தொடங்கிவிடும். மயிலிட்டி வாடியில் மட்டும் அந்த யோசனை வரவில்லை. அங்கே கிடந்த அந்தக் கொஞ்சக் காலத்தில்தான் குளிசை என்னை விட்டுப் போனது. யாரும் விடச் சொல்லவில்லை. பின்னேரத்தில் அந்தப் பக்கம் நெத்தலி வாசம் காற்றோடு வரும். இப்போதும் எங்கேயாவது கருவாட்டுக் கடையைக் கடந்தால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

மகன் தூளை விடப் பார்த்த நாட்களும் இருந்தன. வாடிக்குள் என் பக்கத்தில் வந்து போர்வையைச் சுற்றிக்கொண்டு கிடப்பான். வியர்க்கும், நடுங்கும், வயிற்றாலடிக்கும். நித்திரையில்லாமல் காலை உதைத்துக்கொண்டே இருப்பான். அக்கா கஞ்சி கொண்டுவந்து தலைமாட்டில் இருப்பார். ஒரு மத்தியானம் அவன் அழுதுகொண்டு எழும்பி, "அம்மா, இனித் தொடமாட்டன் அம்மா, உங்கடை தலையிலை அடிச்சு..." என்று கையைத் தூக்கினான்.

கை தலைக்கு வருமுன் அக்கா எட்டிப் பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்தார். அவன் அமத்தினான், அவர் தள்ளினார். சண்டை பிடிக்கிற மாதிரி இருந்தது.

"விடுங்கோ அம்மா. நான் உண்மையாத்தான் சொல்லுறன்."

"உண்மையெண்டு தெரியும் மோனை. அதுதான் வேண்டாமெண்டுறன்."

அவனுக்குப் பலம் முடிந்து கை தளர்ந்தது. அந்தக் கைக்குள்ளேயே கஞ்சிக் கோப்பையை வைத்தார்.

தன் மனுஷனைப் பற்றி அக்கா ஒரே ஒரு முறைதான் எனக்குச் சொன்னார். அன்றைக்குப் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுவதை நிறுத்தாமலே சொன்னார். முகாமில் இருந்த காலத்தில் அந்த மனுஷனை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்க் கனகாலம் வைத்திருந்து விட்டார்களாம். திரும்பி வந்தவருக்கு நித்திரை வராது.

"குடிச்சா நித்திரை வரும் எண்டு கசிப்புக் குடிச்சவர். பேந்து குடிக்கிறதுக்காகவே முழிச்சிருந்தார். மாமி, அவற்றை தாய், பிள்ளையைக் கொண்டுவந்து முன்னாலை நிப்பாட்டி, இவன்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணடா எண்டா. பண்ணினார். கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு ஒரு நாள் குடிச்சிட்டார். அந்தக் கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். முகாமிலை பாதிப் பிள்ளையளுக்குக் காய்ச்சல் தம்பி, நுளம்புக் கடி. அவருக்கு அது ஏறேல்லை. கிட்ட வரமாட்டார். வாசல்லை நிண்டு பாத்தார். நான் கிட்ட இருந்தா இவன் செத்துப்போவான் எண்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் மாறினது. அவர் வரேல்லை."

கத்தியைக் கழுவிவிட்டுச் சொன்னார்:

"சனம் குடியாலை போன மனுசன் எண்டு சொல்லும். குடியாலை போகேல்லை. குடிச்சுப்போட்டு ஒவ்வொரு நாளும் வீட்டைதானே வந்தவர். சத்தியத்தாலை போனவர்."

தமையனைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷன். தங்கை வீட்டில் அரிசி முடிந்தால் அவர் வீட்டிலிருந்து வரும். முன்னொரு காலம் அவரும் வெறியில் ஒழுங்கையில் விழுந்து கிடந்தவர்தானாம். வைரவர் கோயிலில், எரிகிற கற்பூரத்தின் மேல் கையடித்துச் சத்தியம் பண்ணி ஒரே நாளில் விட்டவர். அவருக்கு அது பலித்தது. தனக்குக் கேட்ட மருந்தை மருமகனுக்கும் கொடுக்க நினைத்தார்.

ஒரு விடியற்காலை அவர் படகில் வலையை ஏற்றிக்கொண்டு போனார். இறக்கின வலை தாழவில்லை. சேலை கழுவப்போட்ட மாதிரிக் கடலுக்கு மேலே மிதந்ததாம். அடிக்கயிற்றில் இருந்த ஈயத்தை முழுக்க யாரோ கழற்றியிருந்தார்கள். பழைய இரும்பு வாங்குகிறவர்கள் ஈயத்துக்கு நல்ல விலை கொடுப்பார்கள். பக்கத்துப் படகுக்காரர், "என்ன அண்ணை, கொக்குப் பிடிக்கவோ வந்தனீங்கள்?" என்று கேட்டதாகக் கரையெல்லாம் சிரிப்பு.

அவர் கரையில் இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"வாடியிலை படுக்கிறவன் நீதானே?"

"நேற்று நான் ஐஸ் ஏத்தப் போனனான் அண்ணை. படுக்கேல்லை."

"அப்ப வா வைரவரிட்டை. கற்பூரத்திலை கையடி."

நான் எடுக்கவில்லை, அதனால் பயமும் இல்லை. சாரத்தைச் சரிப்படுத்திக்கொண்டு புறப்பட்டேன். அக்கா குசினிக்குள் இருந்து வந்தார்.

"உவனை விடு அண்ணை. என்ரை மோன்தான் எடுத்திருப்பான்."

"கண்டனியோ?"

"காணேல்லை. நேற்று அவனுக்கு நடுக்கம் இல்லை. எங்கையோ காசு கிடைச்சிருக்கு."

தகரத்துக்குப் பின்னால் இருந்து அவனே வெளியே வந்தான். "நான்தான் மாமா" என்றான். தமையன் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படியே மண்ணில் குந்திவிட்டார். வேலிக்கரையில் சனம் கூடிவிட்டது.

"ஈயம் போனாப் போகட்டும்" என்றார். "பிள்ளை எல்லே போறான். தங்கச்சி, பின்னேரம் இவனை வைரவரிட்டைக் கூட்டிக்கொண்டு வா. உன்ரை உயிர்மேலை சத்தியம் பண்ணட்டும்."

"வேண்டாம் அண்ணை. பொலிசிலை குடு."

தமையன் மண்ணிலிருந்து எழும்பினார்.

"என்னடி பறையிறாய்?"

"பொலிசிலை குடு எண்டுறன். மறியலிலை வைச்சாங்களெண்டா நான் சோறு கொண்டுபோய்க் குடுப்பன். எப்பவோ ஒரு நாள் விடுவாங்கள், வீட்டை வருவான். வைரவரிட்டை மாட்டினா ஆர் விடுறது?"

"பெத்த தாய் கதைக்கிற கதையோ உது?" என்று வேலிக்கு அப்பால் ஒரு மனுஷி கேட்டார். "வெயில் தலைக்கேறிட்டுது" என்றார் இன்னொருவர்.

அவன்தான் முடித்துவைத்தான். "அம்மா, நான் பண்ணுறன். எனக்கு வேணும். அப்பிடி ஒரு பயம் இருந்தாத்தான் என்னாலை விடேலும்."

அக்கா படலையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். அவன் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் படலையிலிருந்து எடுத்து, கையைக் கீழே விட்டுவிட்டு, மாமனோடு போனான்.

அக்கா போகவில்லை. நான் போனேன். கற்பூரம் எரிந்தது, கையடித்தான், "அம்மாவின்ரை உயிர்மேலை" என்று சத்தமாகச் சொன்னான். தமையன் சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு நல்ல காலம் வந்தது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அவன் மாமனோடு தொழிலுக்குப் போனான். கன்னம் வைத்தது, தலைமயிருக்கு எண்ணெய் வைத்தான். தானே ஈயம் வாங்கிவந்து, வாடி வாசலில் இருந்து வலைக்குக் கட்டினான். "பாத்தியோ தங்கச்சி?" என்று தமையன் கேட்பார். "ஓம் அண்ணை" என்பார் அக்கா. ஊர் முழுக்க அவனுடைய முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. அக்கா மட்டும் அவன் படலையால் வெளியே போகும்போதெல்லாம் வந்து நின்று முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கடல் பொல்லாததாகித் தொழில் இல்லாத நாட்கள் வந்தன. பழைய கூட்டாளிகளும் வந்தார்கள். ஒரே ஒரு தரம்தான் தூள் அடித்தான், அதைப் பிறகு அவனே எனக்குச் சொன்னான். அடுத்த நாள் அக்கா வாடிக்குப் பின்னால் கறள் பிடித்த பழைய ஆணி ஒன்றில் மிதித்தார். கால் வீங்கிக் காய்ச்சல் கண்டு, ஆசுபத்திரியில் வாட்டில் மறித்துவிட்டார்கள். அவன் என்னோடு ஆசுபத்திரி வாசல் வரைக்கும் வந்தான். "நீ உள்ளுக்குப் போ, நான் நிக்கிறன்" என்றான். நான் சோறு கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது சைக்கிள் மட்டும் நின்றது.

அக்கா வீட்டுக்கு வந்ததும் உழுந்து ஊறப்போட்டார். விடிய வடை சுட்டு, வைரவருக்கு மாலை கோத்தார். கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டு முன்னால் போக, நான் வடைச் சட்டியோடு பின்னால் போனேன். அங்கே அவர் கும்பிடவில்லை. எல்லைவேலிக்குப் பக்கத்துக் காணிக்காரரோடு சண்டை பிடிக்கிற குரலில் கதைத்தார்.

"அவன் ஈடு வைச்சது என்ரை தலையை. என்னட்டைக் கேட்டவனோ? நீயெண்டாலும் கேட்டனியோ? கேக்காமல் வைச்ச ஈடு செல்லாது. நான் திருப்பி எடுக்கிறன். இந்தா வடை. இனி உனக்கும் அவனுக்கும் ஒரு கதையும் இல்லை."

திரும்பி வரும்போது சட்டியில் மிஞ்சியிருந்த ஒரு வடையை எனக்குத் தந்தார். "தின். வைரவர் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லாட்டி ஓமெண்டுதான்."

இன்ஜின் சாமான் வாங்க நெல்லியடிக்குப் போன ஒருவர் அவனை அங்கே கண்டதாக வந்து சொன்னார். அக்கா என்னைக் கூப்பிட்டார். "வைரவரோடை நான் கதைச்சு முடிச்சிட்டன் எண்டு போய்ச் சொல்லு. கூட்டிக்கொண்டு வாறன் எண்டு மட்டும் எனக்குச் சொல்லிப்போட்டுப் போகாதை."

அப்படிப் போய்த்தான் இந்த வெயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். அச்சில் போட்டுச் சீமெந்துக் கல் அரிகிற ஒரு முற்றத்தில், பை அடுக்கின கொட்டிலின் நிழலில் அவன் படுத்திருந்தான். மெலிந்திருந்தான்.

"அம்மாவின்ரை கால்?" அதுதான் முதல் கேள்வி.

"மாறிட்டுது. நடக்கிறா."

"பாத்தியோ? நான் அங்கை இல்லாததாலைதான்."

"டேய், ஆணி மிதிச்சதுக்கும் உனக்கும் என்ன?"

"நான் அடிச்சது முதல் நாள். ஆணி அடுத்த நாள். நீ என்ன சொன்னாலும் எனக்குத் தெரியும் மச்சான்."

வைரவருக்கு வடைமாலை போட்ட கதையைச் சொன்னேன். எழும்பி இருந்து கேட்டான். "ஏசியிருப்பாவே?" "ஓம், வேலிச் சண்டை மாதிரி." தலையைப் பின்னால் போட்டுச் சிரித்தான். சிரித்து முடிந்ததும் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"நான் இஞ்சை இருந்தாத்தான் அவ அங்கை இருப்பா. போ."

முற்றத்துச் சொந்தக்காரர் வாசல் வரைக்கும் வந்தார். "நல்ல வேலைக்காரன், வேலை செய்யிற நாளிலை" என்றார். "கலவை போடத்தான் ஆளில்லாமல் கிடக்கு."

மயிலிட்டிக்கு வந்து சேர மைம்மல் இருட்டாகிவிட்டது. அக்கா படலைக்கு வரவில்லை. குசினிக்குள் இருந்தபடியே, என் காலடிக்குப் பின்னால் இன்னொரு காலடி வருகிறதா என்று கேட்டிருப்பார்.

"கை கால் கழுவிப்போட்டு வா."

சோறு போட்டார். நான் சாப்பிட்டு முடியும் வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவன் சிரித்ததைச் சொன்னபோது அவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. மிச்சத்தையும் கேட்டுவிட்டு விளக்கைத் தூண்டினார்.

"அப்ப, நான் சுகமா இருக்கிறன் எண்டாலும் வரான். வருத்தமெண்டாலும் வரான்."

"ஓம் அக்கா."

"செத்தாலும் வரான்."

நான் கோப்பையில் ஒட்டியிருந்த பருக்கையை வழித்தேன்.

"இவன்ரை தேப்பனுக்கும் நல்ல மனசுதான்" என்றார்.

வாடிப் பக்கம் ஏதோ முனகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பெட்டை நாய் குட்டி போட்டிருக்கு. உன்ரை பாய்க்கு மேலை. நீ இண்டைக்கு இஞ்சை விறாந்தையிலை படு."

சரியென்று எழும்பிக் கோப்பையைக் கழுவப் போனேன். பின்னால் இருந்து அக்காவின் குரல் வந்தது.

"உதைச் சொல்லு அவனுக்கு."

"எதை அக்கா?"

"நாய் குட்டி போட்டதை. என்னைப் பற்றி ஒண்டும் சொல்லாதை. நல்லா இருக்கிறா எண்டும் வேண்டாம், அழுதா எண்டும் வேண்டாம். வீட்டிலை நடக்கிறதைச் சொல்லு. நாயைச் சொல்லு. கோழி அடை கிடக்கிறதைச் சொல்லு. மாமன்ரை இன்ஜின் நடுக்கடலிலை நிண்டு துடுப்பாலை வலிச்சு வந்தவர், அதைச் சொல்லு. கேட்டுக்கொண்டு இருக்கட்டும்."

"அப்ப நான் திரும்ப அங்கை போய்..."

"நீ போவாய் எண்டு நான் சொன்னனானோ? போனாச் சொல்லு. போகாட்டி விடு."

விடிய முதல் பஸ்ஸில் ஏறினேன். அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

முற்றத்துச் சொந்தக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நேற்று வந்த ஆள் எல்லே? கலவை போடத் தெரியுமோ?"

"ஓம்."

மண்வெட்டியைக் காட்டினார். அவன் கல் அச்சோடு நின்றான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் மணலை அள்ளிக் குவித்தேன், சீமெந்தைக் கொட்டிப் பிரட்டினேன், தண்ணீர் விட்டேன். அவன் அச்சில் நிரப்பி, தட்டி, தூக்கி, அடுத்ததை வைத்தான். ஒரு வரிசை முடிந்தது.

"அந்தப் பெட்டை நாய் குட்டி போட்டிருக்கு" என்றேன். "என்ரை பாயிலை."

அச்சைத் தூக்கினவன் அப்படியே நின்றான்.

"எத்தினை?"

"எண்ணேல்லை."

"கறுப்புக் குட்டி இருக்கோ?"

"இருட்டிப்போச்சு. தெரியேல்லை."

"என்னத்தைத்தான் பாத்துக்கொண்டு வந்தனி, விசரா" என்றான். அச்சை வைத்து, அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த சீமெந்தை விரலால் வழித்தான். "அடுத்த முறை போகேக்கை வடிவாப் பாத்துக்கொண்டு வா."

நான் அடுத்த கலவைக்கு மணல் அள்ளப் போனேன்.